இரண்டு பவுன் விமானம்

போன மார்கழியில், கடலூர் முதுநகரில் நகைக்கடை வைத்திருக்கும் நண்பரின் மின்தராசில் ஒரு விமானத்தை எடை போட்டேன். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 35 சென்டிமீட்டர். தராசின் கண்ணாடிக் கூண்டுக்குள் அது நுழையவில்லை. கூண்டைக் கழற்றிவிட்டு, தட்டில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார வைத்தோம். டம்ளரின் எடையைக் கழித்தால் 16.2 கிராம்.

"ரெண்டு பவுன். சேதாரம் போட்டுடலாமா?" என்றார் நண்பர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 14.5 கிராம் வந்திருக்க வேண்டும். 1.7 கிராம் கூடுதல் என்றால் அசல் விமானத்தில் 188 கிலோ கூடுதல். இரண்டு பேர் போகும் விமானத்தில் இன்னும் மூன்று பேர் தொற்றிக்கொண்டது போல.

நான் செய்தது முதல் உலகப் போர்க்கால மிதவை விமானம் ஒன்றின் மாடல். சக்கரத்துக்குப் பதில் கீழே இரண்டு மரப் படகுகள் இருக்கும். தண்ணீரில் ஓடி எழும்பித் தண்ணீரிலேயே இறங்கும். கடலூரில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மன் விமானத்தைச் செய்வானேன் என்று வீட்டில் கேட்டார்கள். பதிலுக்கு எம்டனிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த கதை ஊரறிந்தது. "அவன் சரியான எம்டன்" என்கிற பேச்சு அந்த இரவில் பிறந்ததுதான். அங்கிருந்து கிளம்பி, நம் கரைக்குக் கிழக்கே தெற்கு நோக்கிப் போய், இலங்கைப் பக்கம் வணிகக் கப்பல்களைப் பிடித்தது. நவம்பர் 9இல் கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிபட்டு முடிந்தது. இவ்வளவு செய்த எம்டனிடம் இல்லாத ஒன்று உண்டு. தூரத்தில் என்ன வருகிறது என்று பார்க்க, பாய்மரத்தின் மேல் ஏறி நிற்கும் ஓர் ஆளை விட்டால் அதற்கு வேறு கண் கிடையாது.

அடுத்து வந்த வேட்டைக் கப்பல் அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டு வந்தது. பெயர் வோல்ஃப், அதாவது ஓநாய். சாதாரண சரக்குக் கப்பல் போலத் தோற்றம். உள்ளே பீரங்கிகளும் நானூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளும். கேப்டன் கார்ல் ஆகஸ்ட் நெர்கர். 1916 நவம்பர் 30இல் கீல் துறைமுகத்தை விட்டது, 451 நாள் கழித்து 1918 பிப்ரவரியில்தான் திரும்பியது. நடுவில் எந்தத் துறைமுகத்திலும் ஒதுங்கவில்லை. 1917 பிப்ரவரியில் கொழும்புக்கு வெளியே அது விதைத்துவிட்டுப் போன கண்ணிகளில் 17ஆம் தேதி வொர்செஸ்டர்ஷையரும் 21ஆம் தேதி பெர்சியஸும் மூழ்கின. பிறகு பம்பாய்க்கு வெளியேயும் விதைத்தது.

இந்த ஓநாய்க்கு ஒரு குட்டி இருந்தது. ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபென் கம்பெனி செய்த எஃப்.எஃப்.33 மிதவை விமானம், அதில் 'இ' வகை. 16.75 மீட்டர் இறக்கை, 150 குதிரைத்திறன் பென்ஸ் இன்ஜின், மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகம். மாலுமிகள் அதைச் செல்லமாக வோல்ஃப்ஷென், ஓநாய்க்குட்டி, என்று கூப்பிட்டார்கள். கப்பலை நிறுத்தி, பாரந்தூக்கியால் குட்டியைக் கடலில் இறக்குவார்கள். வேலை முடிந்ததும் மறுபடி தூக்கி மேலே வைப்பார்கள்.

அந்தக் குட்டியால் என்ன லாபம்? கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் கண் இருக்கிறதோ, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று தெரியும். 30 மீட்டர் பாய்மரத்தில் நிற்பவருக்கு அடிவானம் 19.5 கிலோமீட்டர். ஆயிரம் மீட்டரில் பறப்பவருக்கு 113. கண்ணுக்குள் அடங்கும் கடலின் பரப்பு ஏறக்குறைய 33 மடங்காகிறது. மூட்டமும் வெயில் கூச்சமும் இதில் நிறையத் தின்றுவிடும்தான். ஆனாலும் பெரிய வித்தியாசம். எதிரியின் போர்க்கப்பல் வந்தால் முன்கூட்டியே விலகலாம், சரக்குக் கப்பல் வந்தால் வழிமறிக்கலாம். 1917 ஜூன் 2இல் பசிபிக்கில் ரவுல் தீவருகே வோல்ஃப் பழுது பார்த்துக்கொண்டு நின்றபோது வைருனா என்ற கப்பல் வந்து மாட்டியது. குட்டி எழும்பிப் போய், வயர்லெஸ்ஸைத் தொடாதே, தெற்கே நிற்கும் கப்பலிடம் வா என்று எழுதிய பையைத் தளத்தில் போட்டது. சந்தேகம் தீர, கப்பலுக்கு முன்னால் கடலில் ஒரு குண்டையும் போட்டது. வைருனா பேசாமல் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 26இல் ஜப்பானின் ஹிட்டாச்சி மாரு பிடிபட்டபோதும் குட்டி மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கப்பல் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்தது, இடம் மாலத்தீவுப் பக்கம். சுற்றிச் சுற்றி நம் கடல்தான்.

 

மாடல் கணக்குக்கு வருவோம். 48இல் ஒரு பங்கு என்று தீர்மானித்தேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 48ஆல் குறையும்போது கன அளவு 48 x 48 x 48, அதாவது 1,10,592 பங்கு குறைகிறது. லட்டு பிடிக்கிறவர்களுக்கு இது தெரியும். விட்டத்தைப் பாதியாக்கினால் ஒரு லட்டு மாவில் இரண்டல்ல, எட்டு லட்டு வரும். ஆள், பெட்ரோல் எல்லாம் ஏற்றிய ஓநாய்க்குட்டி சுமார் 1,600 கிலோ. அதை 1,10,592ஆல் வகுத்தால் 14.5 கிராம். அந்த எடை இருந்தால்தான் தண்ணீரில் விடும்போது மிதவைகள் அசலில் அமிழ்ந்த அளவுக்கு அமிழும். கடையில் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் மாடல்கள் அலமாரிக்குச் சரி, தண்ணீருக்கு ஆகாது.

மூன்று ஏ4 தாளின் எடைக்குள் ஒரு முழு விமானம். பால்சா மரம்தான் வழக்கம், தென்னமெரிக்காவிலிருந்து வருகிறது. எனக்கு நெட்டி ஞாபகம் வந்தது. ஏரி குளங்களில் வளரும் செடி. அதன் தண்டைச் சீவி தஞ்சாவூரில் பெரிய கோவிலையே மேசைமேல் வைக்கிற அளவில் செய்வார்கள். 2020இல் அந்த வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நெட்டி தக்கையைவிட லேசு, கத்தி பட்டால் பன்னீர்க்கட்டி மாதிரி வெட்டுப்படும். உடலும் மிதவையும் நெட்டி. இறக்கைக்கு மூங்கில் சிம்பில் சட்டம், மேலே பட்டம் ஒட்டும் தாள். இரட்டை இறக்கைக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாகப் போகும் கம்பிகளுக்குத் தூண்டில் நரம்பு, 0.1 மில்லிமீட்டர் தடிமன். 48ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் கம்பி.

அந்தக் கம்பிகள் சும்மா இல்லை. பந்தல் போடும்போது கால்களுக்குக் குறுக்கே கயிறு இழுத்துக் கட்டாவிட்டால் ஒரு காற்றுக்குச் சாய்ந்துவிடும். இங்கேயும் அதுதான். மெல்லிய இரண்டு இறக்கைகளும் நடுவே நிற்கும் கால்களும் கம்பிகளும் சேர்ந்து ஒரே பெட்டியாகின்றன. பறக்கும்போது ஒரு வரிசைக் கம்பி இறுகும், தண்ணீரில் நிற்கும்போது எதிர்வரிசை இறுகும். ஒவ்வொரு அலை அடிக்கும் ஏதாவது ஒன்று தளரும். கப்பலில் ஓநாய்க்குட்டியைப் பராமரித்தவர்களுக்கு இதுவே பாதி வேலையாக இருந்திருக்க வேண்டும். எனக்கு நாற்பது நரம்பு கட்டுவதற்கே இரண்டு வாரம் ஆனது.

1.7 கிராம் எங்கிருந்து வந்தது என்பது வீட்டுக்கு வந்ததும் புரிந்தது. நெட்டி தண்ணீர் குடிக்கும், ஆகவே மிதவைக்கு வார்னிஷ் அடித்திருந்தேன். தயங்கித் தயங்கி மூன்று பூச்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒரு பூச்சாக்கினேன். 14.9 வந்தது. போதும் என்று விட்டுவிட்டேன். பிளாஸ்டிக் தொட்டியில் வைத்தபோது, பழைய புகைப்படங்களில் எந்தக் கோட்டில் நின்றதோ அந்தக் கோட்டில் நின்றது. கொஞ்ச நேரம் யாரையும் கூப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். மிதந்தது எழும்புமா என்று பார்க்க ஆசை.

பறக்கவிடுவது என் நோக்கமல்ல. தண்ணீரில் இழுத்தால் மிதவை மேலே ஏறி வழுக்குமா என்பதுதான் கேள்வி. எந்த வேகத்தில் இழுப்பது என்பதை வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சொல்லி வைத்திருக்கிறார். 1867இல் டார்ட் ஆற்றில் 3, 6, 12 அடியில் 'ஸ்வான்', 'ரேவன்' என்று இரண்டு வடிவப் படகுகளைச் செய்து இழுத்துப் பார்த்தவர் அவர். மாடலும் அசலும் ஒரே மாதிரி அலை எழுப்ப வேண்டுமானால் வேகத்தை நீளத்தின் வர்க்கமூலத்தால் குறைக்க வேண்டும் என்று கண்டார். 1872இல் டார்க்கீயில் இதற்கென்றே ஒரு தொட்டி கட்டி, மெழுகு மாடல்களை இழுத்தார். சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறையில் இருக்கும் நீண்ட இழுவைத் தொட்டிக்கும் அடிப்படை அதே கணக்குதான்.

ஓநாய்க்குட்டி எழும்பும் வேகத்தை மணிக்கு 80 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். 48இன் வர்க்கமூலம் 6.93. வகுத்தால் 11.5 கிலோமீட்டர். சைக்கிள் வேகம். தை மாதம் சிதம்பரத்து நண்பனும் நானும் கான்சாகிப் வாய்க்கால் கரையில் நேராக ஓடும் ஒரு துண்டைப் பிடித்தோம். அவன் சைக்கிள் மிதிக்க, நான் பின்னால் உட்கார்ந்து மூங்கில் கழியில் கட்டிய நரம்பில் விமானத்தை இழுத்தேன். கைப்பேசி 11 காட்டியது, 12 காட்டியது. விமானம் மூக்கைத் தூக்கி, வாலை அமிழ்த்தி, சேற்றில் மாட்டிய எருமை மாதிரி வந்தது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா, "அத ஏன்டா இந்தப் பாடு படுத்துறீங்க?" என்று கேட்டார்.

மிதவையை எடுத்துக்கொண்டு உப்பனாற்றங்கரையில் படகு செய்யும் ஓடாவி ஒருவரிடம் போனேன். எழுபதைத் தாண்டியவர். தம் காலத்தில் ஏராக்கட்டை போட்டு, வங்குக்கால் நிறுத்தி, மரப்படகு கட்டியவர், இப்போது ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிறார். மிதவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல தண்ணி எங்க தம்பி பிரியுது?"

அடியில் நடுவில் இருந்த சின்னப் படியைக் காட்டினேன். மிதவையின் அடிப்பகுதி முன்னாலிருந்து இறங்கி வந்து, பாதியில் சட்டென்று ஒரு படிக்கட்டு போல மேலே மடங்கி, பிறகு வால்வரை போகும். விரல் நகத்தால் தடவிப் பார்த்தார்.

"இது பிரியாதுப்பா. ஒட்டிக்கிட்டுப் போவும்" என்றார். பிறகு கரையில் கவிழ்த்திருந்த ஃபைபர் படகின் பின்பக்கத்தைக் காட்டினார். பின்பக்கம் வளையாமல் கத்தியால் வெட்டியது போல நேராக நின்றது. "எஞ்சின முறுக்குனா அணியம் தூக்கி, அப்புறம் படகு எழும்பி ஓடும். இங்க தண்ணி அறுந்து விழுவுறதாலதான். பழைய படகு எழும்புமா? பின்னாடி வளைஞ்சிருக்கும், தண்ணி புடிச்சிக்கும்."

மிதவை விமானத்தின் முழுச் சூட்சுமத்தையும் அவர் சொல்லி முடித்துவிட்டார். வீட்டில் பார்க்க வேண்டுமானால், குழாய்த் தண்ணீரில் கரண்டியின் முதுகுப் பக்கத்தைத் தொட்டும் தொடாமலும் பிடியுங்கள். தண்ணீர் கரண்டியைத் தள்ளாது, உள்ளே இழுக்கும். வளைந்த பரப்பில் ஓடும் நீர் அந்த வளைவைப் பிடித்துக்கொண்டு திரும்பும்போது பரப்பில் அழுத்தம் குறைகிறது. மேல்நோக்கி வளையும் மிதவையின் பின்பாதியில் இதுவே கீழ்நோக்கிய இழுப்பாகிறது. இன்ஜின் முன்னே இழுக்கிறது, தண்ணீர் வாலைப் பிடித்து இழுக்கிறது. இதை அறுக்கத்தான் படி. வேகம் கூடும்போது படியின் கூர்விளிம்பில் நீர் பிரிந்துவிடும், பின்னால் காற்று புகும், பின்பாதி காய்ந்துவிடும். அப்புறம் விமானம் படியின்மேல் மட்டும் நின்று வழுக்கும். காபி டம்ளரின் வெளியே மடித்த விளிம்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. விளிம்பில்லாத கிண்ணத்திலிருந்து ஆற்றிப் பாருங்கள், பாதி காபி கிண்ணத்தின் அடியைத் தடவிக்கொண்டு முழங்கைக்கு வரும்.

1910 மார்ச் 28இல் பிரான்சின் ஆன்றி ஃபாப்ர் முதன்முதலாகத் தண்ணீரிலிருந்து எழும்பினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் கர்ட்டிஸ் எழும்பினார். ஆனால் படகு வடிவ உடலோடு கர்ட்டிஸ் செய்த விமானம் 1912இல் தண்ணீரை விட்டு வர மறுத்தது, அடியில் படி வைத்த பிறகுதான் விடுபட்டது. இறக்கையைப் பற்றி எழுதிய புத்தகங்கள் ஓர் அறை நிறைய இருக்கும், இந்தப் படியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகவே படுகிறது.

அப்படியானால் என் மிதவையில் படி இருந்தும் ஏன் நீர் பிரியவில்லை? படியின் உயரம் 2 மில்லிமீட்டர். தண்ணீருக்கு மேற்பரப்பு இழுவிசை உண்டு, இலையில் துளி உருண்டு நிற்பது அதனால்தான். அந்த விசை ஆட்சி செய்யும் எல்லை ஏறக்குறைய 2.7 மில்லிமீட்டர். அதற்குள் அடங்கும் எதையும் தண்ணீர் தோல் போர்த்தியது மாதிரி மூடிவிடும். விமானத்தை 48 பங்கு சுருக்கினேன், வேகத்தைச் சுருக்கினேன், எடையைச் சுருக்கினேன், ஆனால் தண்ணீரைச் சுருக்க வழியில்லை. என் குட்டி விமானத்தின் பார்வையில் அது தண்ணீரே இல்லை. 13 சென்டிமீட்டர் தடிமனுக்குத் தோல் போர்த்திய ஏதோ ஒரு கூழ். எறும்புக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் சிறையாவது இப்படித்தான்.

மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை 12இல் ஒரு பங்கு, மிதவைகள் இரண்டு மட்டும், இறக்கை வேண்டாம். படி 8 மில்லிமீட்டர் ஆகிவிடும், தோலைக் கிழிக்கும். மெல்லிய ஒட்டுப்பலகையில் செய்து, ஒவ்வொரு மிதவைக்குள்ளும் குறுக்கே பலகை வைத்து நான்கு அறையாகத் தடுத்தேன். விமான விதிகளும் வெகுகாலம் மிதவைக்குக் குறைந்தது நான்கு நீர்புகா அறை கேட்டன, மிதவைகள் சேர்ந்து விமான எடையைப் போல 1.8 மடங்கு தாங்க வேண்டும் என்று இன்றும் கேட்கின்றன. ஆடம்பரம் என்று நினைத்துக்கொண்டேதான் தடுத்தேன்.

இறக்கை இல்லாததற்கும் ஒரு கணக்கு உண்டு. இறக்கையின் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தோடு வளரும். எழும்பும் வேகத்தில் பாதி வந்தாலும் இறக்கை சுமப்பது கால் பங்குதான், முக்கால் சுமை மிதவை மேலேயே இருக்கும். ஓட்டத்தின் மிகக் கஷ்டமான இடம் அதுதான். மூக்கு தூக்கி, தான் எழுப்பிய அலையின்மேலேயே தான் ஏற வேண்டிய இடம். 12இல் ஒரு பங்குக்கு முழு எடை 926 கிராம், முக்கால் 700 கிராம். பாதி வேகம் எவ்வளவு என்று போட்டுப் பார்த்தால் அதே 11.5 கிலோமீட்டர். சைக்கிள் வீண்போகவில்லை. முக்கால் வேகமான 17க்கு இறக்கை பாதிக்கு மேல் சுமந்துவிடும், மிதவைக்கு 400 கிராம் போதும். அதற்கு நண்பன் டி.வி.எஸ்.50 கொண்டு வந்தான். இழுக்கும் கயிற்றுக்கும் கழிக்கும் நடுவே மீன் நிறுக்கும் தொங்குதராசு.

11.5இல் முள் மளமளவென்று ஏறியது, மிதவைகளுக்கு முன்னால் தண்ணீர் மீசை மாதிரி விரிந்தது. சுமையைக் குறைத்து 17க்குப் போனோம். முள் இறங்கியது. வேகம் கூடக் கூட இழுப்பு குறைவதைக் கையில் பிடித்துப் பார்ப்பது வேறு அனுபவம். மிதவைகளின் பின்பாதி வெயிலில் ஈரம் பளபளக்கத் தண்ணீருக்கு மேலே நின்றது, படியிலிருந்து இரண்டு வெள்ளைக் கோடுகள் பின்னால் ஓடின.

பிறகு படியை எம்-சீல் வைத்து அடைத்து, வழவழவென்று தேய்த்து, காய்ந்ததும் அதே 17இல் இழுத்தோம். முள் இறங்கவே இல்லை. வால் தண்ணீருக்குள், மூக்கு வானத்தில். "வண்டிய பின்னாடி யாரோ புடிச்சி இழுக்குறாப்ல இருக்குடா" என்றான் நண்பன். மூன்றாவது தடவை திரும்பி வரும்போது இடது மிதவை கரையோரக் கல்லில் இடித்தது. அப்போது ஒன்றும் தெரியவில்லை, கொஞ்சம் சாய்ந்தாலும் மிதந்துகொண்டுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒவ்வோர் அறையாக மூடியைத் திறந்தேன். முதல் அறையில் வாய்க்கால் தண்ணீர் முட்ட முட்ட நின்றது, கூடவே ஒரு பாசித் துண்டு. மற்ற மூன்றிலும் மரத்தூள் போட்டபடியே உலர்ந்து கிடந்தது.